அடுப்பு அணையாத நாட்கள்: லுணுகலைத் தோட்டங்களின் பண்டிகைச் சமையலும் நெருப்பும்

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் என் அக்காவின் மகன் வாடகைக்குக் குடியிருக்கிறான். வீட்டுக்காரர் ஒரு யூதர். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு வேடிக்கையைச் சொன்னான். "மாமா, இவர்களுடைய பண்டிகைக்கு முதல்நாள் மாலையில் பெரிய மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். இரண்டு நாளும் அது அணையாமல் எரிகிறது. சமைப்பதற்கும் அடுத்த நாள் விளக்கேற்றுவதற்கும் அதிலிருந்துதான் நெருப்பு எடுக்கிறார்கள். புதிதாகத் தீக்குச்சி உரசுவதே இல்லை" என்றான்.

அவனுக்கு அது வேடிக்கை. எனக்கோ லுணுகலைத் தோட்டத்து லயத்தில் சாம்பலைக் கிளறித் தணலை ஊதிக்கொண்டிருந்த என் அப்பாயி கண்முன் வந்து நின்றார். எங்கள் அடுப்பிலும் நாட்கணக்கில் நெருப்பு அணைந்ததில்லை. அவர்களிடம் அதற்குக் காரணம் வேதவிதி. எங்களிடம் காரணம் வறுமை. ஆனால் அணையாத நெருப்பு யார் வீட்டில் இருந்தாலும் அது ஒரே குணமுடையதுதான்.

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கும், அங்கிருந்து பிபிலைக்கும், மேலும் கிழக்கே செங்கலடிக்கும் இறங்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணித்தவர்கள் இந்தச் சிறுநகரைக் கண்டிருப்பார்கள். ஊவா மலைகள் கிழக்கே தாழ்ந்து சரியத் தொடங்கும் இடம். சுற்றிலும் ஹோப்டன், அடாவத்தை முதலான தேயிலைத் தோட்டங்கள். அந்த லயங்களில் பண்டிகை நாட்களில் எப்படிச் சமைத்தார்கள், அந்த நெருப்போடு எப்படி வாழ்ந்தார்கள், சில வேளைகளில் எப்படி வெந்தார்கள் என்பதை நம் வரலாற்று நூல்கள் பெரிதாக எழுதியதில்லை. கங்காணியையும் துண்டு முறையையும் குடியுரிமைச் சட்டத்தையும் எழுதியிருக்கிறோம். அடுப்பை எழுதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

யூதர் விதியும் ஒரு தொலைதூர உறவும்

யூதர்களின் வேதநூல் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டுவதைத் தடுக்கிறது. வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை அடுப்பு மூட்டவும் கூடாது, சமைக்கவும் கூடாது. பண்டிகை நாட்களில் விதி சற்றே தளர்கிறது. அன்றைய உணவை அன்று சமைக்கலாம். ஆனால் நெருப்பைப் புதிதாக உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே எரியும் சுடரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எரிவதை அணைக்கவும் கூடாது. இஸ்ரேலுக்கு வெளியே பல பண்டிகைகளைத் தொடர்ந்து இரண்டு நாட்கள் கொண்டாடுவார்கள். அதை அடுத்து ஓய்வுநாளும் வந்துவிட்டால் மூன்று நாட்கள். அடுப்பின் மேல் தகட்டை வைத்துச் சிறுதீயில் பாத்திரங்களைச் சூடாக வைத்திருப்பது இதனால் வந்த வழக்கம்.

இதில் உள்ள ஆபத்து கற்பனையானதன்று. 2015 மார்ச் மாதத்தில் அதே புரூக்ளினில், ஓய்வுநாளுக்காக இரவு முழுவதும் இயங்க விடப்பட்ட மின்சூட்டுத் தட்டிலிருந்து தீ பரவி, ஒரே வீட்டின் ஏழு பிள்ளைகள் இறந்தனர். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையானவர்கள். புகையை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி அந்த வீட்டின் நிலவறையில் மட்டுமே இருந்தது. உறங்கியவர்களை எழுப்ப அது போதவில்லை.

அவர்கள் கதைக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். மெல்லிய தொடர்பு ஒன்று உண்டு. 1840களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, புசல்லாவையில் பெருந்தோட்டம் அமைத்த வோர்ம்ஸ் சகோதரர்கள் யூதர்கள். ஐரோப்பாவின் புகழ்பெற்ற ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் பெண்வழிப் பேரர்கள். தம் தோட்டத்துக்கும் ரொத்சைல்ட் என்றே பெயரிட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வணிக அளவில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, சீனத் தேயிலைக் கன்றுகளை அங்கு நட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் தோட்டத்தில் முதுகு வளைத்தவர்களும் நம்மவர்களே.

பத்துக்குப் பன்னிரண்டு

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அந்த நிலங்களில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிய கூலிகள், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்டார்கள். குடும்பத்தோடு தங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்காகக் கட்டப்பட்டவைதாம் லயங்கள்.

பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அதுதான் ஒரு காம்பராவின் அளவு. முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒற்றை லயமானால் ஒரே வரிசை. இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைகள், பின்பக்கம் சன்னலுக்கே இடமில்லை. எல்லாக் காம்பராக்களுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே பக்கத்து வீட்டுப் பேச்சும் வரும், புகையும் வரும். தீயும் வரும்.

சமையலறை என்று தனியாக ஒன்று இல்லை. காம்பராவின் மூலையிலோ, சாக்கும் தகரமும் கொண்டு மறைத்த இஸ்தோப்பிலோ மூன்று கற்கள். விறகு என்பது பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய மிலாறு. வாட்டம் கண்டதும் சடசடவென்று பிடித்து, பொறி தெறித்து எரியும். தோட்டத்து மரத்தில் கைவைத்தால் குற்றம் என்பதால், கவ்வாத்து மலையில் கிடைத்ததைக் கட்டித் தலையில் சுமந்து வந்து சேர்த்து வைப்பார்கள்.

இங்கே லுணுகலைக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ஊவாவின் கிழக்குச் சரிவில் பெருமழை ஐப்பசி முதல் தை வரை பெய்யும். தீபாவளி வருவதும் அந்த மழையின் தொடக்கத்தில்தான். நனைந்த மிலாறு எரியாது. ஆகவே அடுப்புக்கு நேர் மேலே, கூரைக்கு ஓரிரு முழம் கீழே, கம்புகளால் ஒரு பரண் கட்டி அதன்மேல் விறகை அடுக்கிக் காயவைப்பார்கள். கீழே எரியும் அடுப்பு. மேலே காய்ந்த விறகு. அதற்கும் மேலே புகையும் கரியும் படிந்த மரக்கைகள். ஒரு தீ விபத்துக்குத் தேவையானவை அத்தனையும் ஒரே நேர்கோட்டில் அடுக்கப்பட்டிருந்தன. அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. மழை நாளில் விறகு காய வேறு இடமில்லை என்பதே உண்மை.

நெருப்பு இரவல்

அப்பாயி இரவு அடுப்பை அணைத்ததை நான் பார்த்ததில்லை. கனமான விறகுக் கட்டை ஒன்றின் தணலை நடுவில் ஒதுக்கி, சாம்பலால் மூடி விடுவார். விடியற்காலை நான்கு மணிக்கு, பெரட்டுக்குப் போவதற்கு முன்னர், சாம்பலை விலக்கி ஊதினால் கண் விழிக்கும். ஒரு பெட்டி நெருப்புக்குச்சி ஒரு மாதம் வரவேண்டும். அது கணக்கு.

தணல் அணைந்துபோனால் பக்கத்துக் காம்பராவில் நெருப்பு இரவல் வாங்குவோம். சிரட்டையில் இரண்டு கங்கு. அல்லது எரியும் கொள்ளி ஒன்று. லயத்தில் உப்புப் போல, சீனி போல நெருப்பும் இரவல் பொருள். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். வீட்டு இலட்சுமி போய்விடுவாளாம். பண்டிகை நாளிலும் அப்படியே. ஆகவே பண்டிகைக்கு முதல்நாள் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு அணையாதிருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். புரூக்ளின் மெழுகுவர்த்தியைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது இதுதான். கடல்கள் கடந்த இரு மக்கள், வெவ்வேறு காரணங்களால், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

கொள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றடிக்கும் இஸ்தோப்பு வழியே ஓடிய சிறுவர்களில் நானும் ஒருவன். பாவாடை கட்டிய சிறுமிகளும் அப்படி ஓடினார்கள். எத்தனை தடவை தப்பினோம் என்பதை இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஒரு தீபாவளி இரவு

தோட்டத்தில் தீபாவளி என்பது ஒருநாள் விடயமன்று. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் லுணுகலைக் கடைவீதி நிறையும். முதல்நாள் மாலையே பலகாரச் சட்டி ஏறும். முறுக்கு, அதிரசம், வடை. விடியலுக்கு முன் எண்ணெய்க் குளிப்பு. பிறகு தோசை, ஆட்டிறைச்சிக் குழம்பு. மறுநாள் உறவினர் வருகை. மூன்று நாட்கள் அடுப்பு ஓயாது. ஆண்டு முழுவதும் ரொட்டியும் சம்பலும் கண்ட அடுப்பு, அந்த மூன்று நாட்களில் மட்டும் கொதிக்கும் எண்ணெயைத் தாங்கியது. அதைக் கவனிக்க வேண்டியவர்களோ அன்று பகலெல்லாம் கொழுந்து எடுத்துக் களைத்து வந்த பெண்கள். உறக்கமில்லை. வெளிச்சம், ஒரு குப்பிலாம்பு.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். நாங்கள் குடியிருந்த லயத்தில், எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி, தீபாவளிக்கு முதல்நாள் இரவு எண்ணெய்ச் சட்டி தீப்பற்றியது. அந்த வீட்டம்மா பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். அடுத்த கணம் சட்டியிலிருந்து எழுந்த நெருப்பு பரணைத் தொட்டது. அதுவரை தீயை நான் அடுப்பின் உயரத்தில்தான் கண்டிருந்தேன். அன்று அது கூரையின் உயரத்தில் நின்றது.

அந்தச் செம்புத் தண்ணீர் செய்ததை விளக்க வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. ஊற்றியதும் எண்ணெயின் அடிக்குப் போகிறது. கொதிக்கும் எண்ணெயின் வெப்பம் தண்ணீர் கொதிக்கும் 100 பாகை செல்சியஸை வெகுவாகத் தாண்டியது. ஆகவே அடிக்குச் சென்ற தண்ணீர் ஒரு கணத்தில் நீராவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, தன்மேல் கிடக்கும் எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே எறிகிறது. ஒரு சட்டி நெருப்பு ஒரு காம்பரா நெருப்பாகிறது. ஒரு மூடியைச் சரித்து மூடி, அடியிலுள்ள விறகை இழுத்துப் போட்டிருந்தால் காற்றில்லாமல் அது தானே அடங்கியிருக்கும். எங்களில் எவருக்கும் அது தெரியாது. சொல்லித் தந்தவரும் இல்லை.

சுவருக்கு மேலுள்ள இடைவெளி வழியே தீ அடுத்த காம்பராவுக்குத் தாண்டியது. ஆண்கள் சிலர் கூரைமேல் ஏறி, எரியாத காம்பராக்களின் மேலிருந்த தகரங்களைப் பிடுங்கி எறிந்து இடைவெளி உண்டாக்கினார்கள். பீலியில் தண்ணீர் ஒரு விரல் கனத்தில்தான் வந்தது. மழை வந்து உதவியது. மூன்று காம்பராக்கள் எரிந்தன. உயிர் போகவில்லை. என் வயதுச் சிறுமி ஒருத்தியின் வலது கை வெந்தது. யாரோ அதன்மேல் மை ஊற்றினார்கள். யாரோ தேங்காய் எண்ணெய் தடவினார்கள். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் அந்தக் கையைப் பிடித்திருந்தால் காயத்தின் ஆழம் குறைந்திருக்கும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அவள் விரல்கள் பின்னர் முழுமையாக விரியவில்லை. கொழுந்து எடுக்கும் தொழிலை நம்பிய குடும்பத்தில் பெண்பிள்ளையின் வலது கை என்றால் என்ன என்பதை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் தீபாவளி. எரிந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு லயத்தில் எல்லா வீடுகளிலிருந்தும் பலகாரம் வந்தது. அடுத்த ஆண்டும் அதே பரண், அதே விறகு, அதே இடம்.

குப்பிலாம்பும் ஒரு மருத்துவரும்

அடுப்பைவிட அதிகமாக எரித்தது குப்பிலாம்பு என்று சொல்ல வேண்டும். காலியான போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, துணித்திரி செருகி, தகர மூடியில் துளையிட்டுச் செய்த விளக்கு. உயரமான, ஒடுங்கிய போத்தல் கைபட்டால் சாயும். சாய்ந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயோடு திரியும் விழும். மின்சாரம் இல்லாத லயங்களில் ஒவ்வொரு மாலையும் இந்தச் சூதாட்டம் நடந்தது.

இந்தக் காயங்களுக்கு மருத்துவமனைகளில் சிகிச்சை அளித்துச் சலித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் வேறு வழியில் யோசித்தார். காயத்துக்கு மருந்திடுவதைவிட விளக்கையே மாற்றினால் என்ன? குட்டையும் பருமனுமான மார்மைட் போத்தல் அவருக்கு முன்மாதிரியானது. எளிதில் சாயாத கனம். சாய்ந்தாலும் உருண்டோடாத தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாத திருகு மூடி. உடையாத தடித்த கண்ணாடி. 'சுதீப' என்று பெயரிட்ட அந்த விளக்கு மிகக் குறைந்த விலையில் பல இலட்சம் வீடுகளுக்குச் சென்றது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏழை வீட்டில் விபத்து எப்படி நடக்கிறது என்பதைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான்.

எங்கள் பரணை அப்படிக் குனிந்து பார்க்க எவரும் வரவில்லை. புகையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1980களில் இலங்கையில் உருவாகிப் பின்னர் பரவிய 'அனகி' என்ற இரட்டைவாய்க் களிமண் அடுப்பு விறகையும் புகையையும் குறைத்தது; தீயை மண்சுவருக்குள் அடக்கியதால் பொறி தெறிப்பதும் குறைந்தது. ஆனால் அதை வைப்பதற்கும் ஓர் இடம் வேண்டுமே!

மூன்று நாள் குழம்பு

நெருப்பைப் போலவே இன்னோர் ஆபத்தும் பல நாள் பண்டிகையில் உண்டு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இறைச்சியும் சோறும் எப்படி மூன்று நாள் தாங்கும்?

அப்பாயிக்கு அதற்கொரு முறை இருந்தது. குழம்பை ஒவ்வொரு வேளையும் கொதிக்கவைத்துச் சுண்டவிடுவார். எஞ்சிய இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கோத்து அடுப்புப் புகைக்கு மேல் தொங்கவிடுவார், அது உப்புக்கண்டம். புளியும் காரமும் அன்று கூடுதலாகச் சேரும். இவற்றில் அறிவியல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு விதிகள், சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் சூடாக வைக்கவும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதிருக்கவும், மீண்டும் உண்ணும்முன் நன்கு சூடாக்கவும் சொல்கின்றன. யூதர்கள் ஓய்வுநாளுக்காக இரவு முழுவதும் சிறுதீயில் வைக்கும் அவரையும் இறைச்சியும் கலந்த உணவும் இதே தத்துவம்தான்: ஒன்று சூடாகவே இருக்கட்டும், அல்லது நன்கு குளிரட்டும். இடைப்பட்ட வெதுவெதுப்புதான் கிருமிக்கு விருந்து.

ஆனால் அப்பாயியின் முறையிலும் ஓட்டை இருந்தது. சோற்றை அவர் அப்படிச் சுடவைப்பதில்லை. சூடான சோறு பானையிலேயே இரவெல்லாம் மெல்ல ஆறும்போது, அதில் உயிர்பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்கலாம். அந்த நஞ்சு பிறகு கொதிக்கவைத்தாலும் போகாது. பண்டிகை மறுநாள் எங்கள் லயத்தில் பிள்ளைகள் வாந்தியெடுப்பது வழமை. 'கண்ணூறு' என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.

வேறு நெருப்புகள்

ஊவாத் தமிழர் நெருப்பைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் அது நேர்மையாகாது. 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. அந்த நெருப்பை எந்த அடுப்பும் மூட்டவில்லை. அதன்பின் சில காலம் எங்கள் லயத்தில் மாலையில் அடுப்பை வேளையோடு அடக்கினார்கள். வெளிச்சம் தெரியக்கூடாது என்பதற்காக. நெருப்பு அணைந்துபோகுமோ என்று அஞ்சிய அப்பாயி, நெருப்பு தெரிந்துவிடுமோ என்று அஞ்சியதை அப்போதுதான் கண்டேன்.

காலம் மாறியது. நகரங்களில் எரிவாயு வந்தது. 2021 நவம்பர் தொடங்கிச் சில வாரங்களில் இலங்கை முழுவதும் நூற்றுக்கணக்கான எரிவாயு அடுப்பு வெடிப்புகள் பதிவாயின, உயிர்களும் போயின. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களின் விகிதம் மாற்றப்பட்டதையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவே கிடைக்கவில்லை. மாடிவீட்டுக்காரர்களும் விறகடுப்பைத் தேடினார்கள். பாரம்பரியத்தின் மீட்சி என்று சிலர் எழுதினார்கள். அடுப்புப் புகையில் வளராதவர்களே அப்படி எழுத முடியும்.

சாம்பலுக்குள் இருப்பது

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் மதிய உணவு அடுப்பிலிருந்து ஓலைக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அந்தச் செய்தி வந்த இரவு நான் செய்திப் பிரிவில் கடமையிலிருந்தேன். பக்கத்தை வடிவமைத்தபடியே எண்ணிக்கொண்டது ஒன்றுதான்: அடுப்புக்கும் கூரைக்கும் இடையில் என்ன இருந்தது?

யூத அறநூலோர் ஒன்றைத் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் விதி விலகும். நெருப்பை அணைக்கலாம் என்பதோடு நில்லாமல், அணைத்தே ஆகவேண்டும் என்பார்கள். நம் மரபிலும் இப்படி ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை நெருப்புக் கொடுக்காத வீட்டுக்கும், பண்டிகை அடுப்பை அணைப்பது அமங்கலம் என்னும் வீட்டுக்கும் ஒரு மேல்விதி: உயிர்தான் முதல் மங்கலம்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் அளவான மூடி ஒன்று. அடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லாமை. உறக்கம் வந்தவர் அடுப்படியை விட்டு எழுவது, இன்னொருவர் உட்காருவது. வெந்த கைக்கு முதலில் தண்ணீர். டொரொண்டோவிலும் லண்டனிலும் மின்னடுப்பில் தீபாவளிப் பலகாரம் சுடும் நம் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும். ஆனால் லுணுகலையின் பழைய லயங்களில் இன்னும் வாழ்பவர்களுக்கு அறிவுரை மட்டும் போதாது. கூரைவரை எழும் சுவரும், தனியான சமையலறையும், பீலியில் தண்ணீரும் வேண்டும். நூறாண்டு தாண்டிய ஒரு கட்டடத்தின் குற்றத்தைக் களைத்த ஒரு பெண்ணின் கவனக்குறைவு என்று இனியும் எழுதக்கூடாது. என் தொழிலில் இருப்பவர்கள் இதுவரை அப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

கை வெந்த அந்தச் சிறுமியை சில ஆண்டுகளுக்கு முன் லுணுகலைக் கோயில் திருவிழாவில் கண்டேன். பேரப்பிள்ளையை இடக்கையில் தூக்கியிருந்தார். நலம் விசாரித்தபின் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "அடுப்ப வெளிய ஒத்தாப்புல போட்டாச்சு அண்ணே. மழை வந்தா நனையும். நனையட்டும்" என்றார்.